தெருவில் நின்று கேட்ட ரேடியோ

ஏப்ரல் 6, திங்கள்

கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். லைட்டைப் போட்டால் ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவுக்குத் தெரியும். நான் விழித்திருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பாவுக்கு இந்த வாரம் ராத்திரி ஷிப்ட். உப்புக் கம்பெனியில் எடைமேடையில் வேலை. கோடை வந்துவிட்டால் லாரிகள் விடிய விடிய வரும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறிப் போவார். அம்மா இருந்தவரை எனக்கு இரண்டும் ஒன்றுதான். அம்மா ஐப்பசியில் இறந்துவிட்டாள். தை மாதம் நான் வயசுக்கு வந்தேன். அன்றைக்கு விருதுநகரிலிருந்து ராஜகனி அத்தை வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துக்க வருஷம் என்பதால் யாரையும் கூப்பிடாமல் போய்விட்டாள்.

இன்று மறுபடியும் வந்திருந்தாள். அப்பா தூங்கி எழும்வரை காத்திருந்து ஆரம்பித்தாள்.

"ஏ தம்பி, பெரிய பிள்ளய உள்ள வச்சித் தாழ்ப்பாள் போடச் சொல்லிட்டு நீ அங்க லாரி நிறுத்துக்கிட்டு இருக்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ம்" என்றார் அப்பா.

"ம்னா என்ன அர்த்தம்? கல்யாணத்தன்னைக்கும் அய்யரு கேட்டதுக்கு ம்முன்னுதான சொன்ன. ஜூன்லேருந்து அவ எங்கூட இருந்து படிக்கட்டும். பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சாச்சு. மே மாசம் நாலாவது ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்."

அப்பா அதற்கும் "ம்" என்றார். அது சரி என்பதா, பார்ப்போம் என்பதா என்று யாருக்கும் தெரியாது. அத்தை சரி என்று எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

கிளம்பும்போது, "ராத்திரி ஒத்தையில இருக்க ஒனக்குப் பயமா இல்லியாட்டி?" என்று என் தாடையைப் பிடித்துக் கேட்டாள். இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே பஸ்ஸில் ஏற்றியிருப்பாள்.

உண்மையிலேயே பயம் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அரிசி டிரம்மைக் கதவோரம் இழுத்து வைத்திருக்கிறேன். எலித் தொந்தரவு.

ஏப்ரல் 12, ஞாயிறு

அப்பாவுக்கு லீவு. "வாரியா பிள்ள" என்று மட்டும் சொல்லி சைக்கிளை எடுத்தார். எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டார், அதனால் ஏறிக்கொண்டேன். பழைய துறைமுகத்துப் பக்கம் சூசை அண்ணாச்சி என்பவருடைய பழைய சாமான் கடை. கப்பலிலிருந்து கழற்றிய கடிகாரங்கள், கை உடைந்த நாற்காலிகள், இரும்புக் கட்டில்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் மூன்று வால்வு ரேடியோக்கள்.

மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பழுப்பு மரப் பெட்டி, முன்னால் மங்கலான தங்க நிறத் துணி, ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி. கொழும்பு, ரங்கூன், டெல்லி எல்லாம் அரை விரல் இடைவெளியில் இருந்தன.

"மூணும் ஒரு வயித்துப் பிள்ளைங்க" என்றார் அண்ணாச்சி. "ஒரே கம்பெனி. முகம் ஒண்ணு, கொணம் வேற."

அவரே பெயரும் வைத்திருந்தார். வெள்ளைப் பற்கள் மாதிரி பட்டன் வரிசை இருப்பது பியானோ. மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். திருகும் குமிழ்கள், நடுவில் பச்சையாக எரியும் ஒரு கண். அவற்றில் ஒன்று அண்ணன், மற்றது தம்பி.

வால்வு ரேடியோ போட்ட உடனே பேசாது என்று இன்றுதான் தெரிந்தது. முதலில் விளக்கு எரிகிறது. பிறகு மெதுவாகப் பச்சைக் கண் விழிக்கிறது. நாம் மறந்துபோன நேரத்தில், பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வருகிறது.

அண்ணாச்சி பியானோவில் செய்தி வைத்தார். அப்பா ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு வெளியே நடந்தார்.

"எங்க ஓய் போறீரு?"

"கதவச் சாத்துங்க அண்ணாச்சி."

"உள்ள நின்னு கேக்கத்தான் ரேடியோ செஞ்சிருக்கான்."

"சாத்துங்க."

அப்பா எதிர்ப்பக்கம் சர்பத் கடையோரம் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்தபடியே கேட்டார். திரும்பி வந்து, "இது வேண்டாம். இதுல பெரிய ஆளு பேசினாலும் சின்னப் பையன் பேசுற மாதிரி கேக்கு" என்றார். அண்ணனுக்கும் தம்பிக்கும் அதேபோல வெளியே போய் நின்றார். சர்பத் கடைக்காரர் நன்னாரியை நீட்டிவிட்டார், அப்பா அவர் கடைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து.

"ஒங்கப்பாவுக்கு என்னம்மா, மண்ட கிண்ட சரியாத்தான இருக்கு?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. அப்பா பாட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா இறந்ததிலிருந்து டிவியும் துணி போர்த்திக் கிடக்கிறது. வருஷம் திரும்பும்வரை போடக் கூடாது.

ஏப்ரல் 17, வெள்ளி

பரீட்சை முடிந்தது. எல்லாரும் சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் எந்த பெஞ்ச் என்று பேசினார்கள். நான் பேனாவுக்கு மூடி தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று மறுபடியும் கடை. பியானோவை ஒரு ஹோட்டல்காரர் அலங்காரத்துக்கு வாங்கிப் போய்விட்டாராம். மிச்சம் அண்ணன், தம்பி.

அப்பா இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். தட்டியும் பார்க்கவில்லை, திருகியும் பார்க்கவில்லை. இடுப்பளவு தூக்கி, கண்ணை மூடி, கீழே வைத்தார்.

"மூணு கிலோ வித்தியாசம். தம்பிக்கு உள்ள என்னமோ இல்ல."

அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டார். "எடைமேடைக்காரன்கிட்ட யாவாரம் பண்ணப்பிடாதுன்னு இதுக்குத்தான் சொல்லுதது! தம்பிக்கு டிரான்ஸ்பார்மர் கெடையாது ஓய். கரண்டு நேரா உள்ள போவும். அதனாலதான் சீக்கிரம் பேசுவான். அண்ணன் சோம்பேறி. ஆனா உறுதி."

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் கேட்டவற்றை அப்படியே எழுதுகிறேன்.

"விடிய விடிய ஓடுனா சூடாயிருமா?"

"ராத்திரி பூரா பேசுற ஸ்டேஷன் எடுக்குமா?"

"இந்திக்காரன் பேசுவான், விடியுற வரைக்கும். ஒமக்கு இந்தி தெரியுமா?"

"தெரியாது."

"பெறவு?"

"பேசட்டும்."

"பாட்டு?"

"பாட்டு வேண்டாம். பேச்சுதான்."

கடைசியாக, "பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள வேணும்" என்றார்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளில் வரும்போது அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சட்டையில் உப்பு பூத்திருந்தது. நான் போன பிறகு வீடு ஓவென்று கிடக்கும். அதற்கு ஒரு சத்தம் வாங்குகிறார். எனக்குப் பதிலாக. பச்சைக் கண் இருக்கிறது, சோறு கேட்காது, பயப்படாது.

அப்படியானால், ரேடியோ அமையாதவரை நான் போகிறது உறுதியாகாது. அதுவும் புரிந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

ராத்திரி ஷிப்ட் வாரம். அப்பா புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். பழையதை வாசல்படியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே எடுத்து வைத்தேன். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது.

ஏப்ரல் 21, செவ்வாய்

பழைய செருப்பு மறுபடியும் வெளியே கிடக்கிறது. கொடியில் அவருடைய சட்டை ஒன்றும் காய்கிறது. ஈரமே இல்லை, ஏற்கெனவே காய்ந்த சட்டைதான்.

ஏப்ரல் 22, புதன்

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் இருமினான்.

வழியில் போகிறவன் இருமினால் இருமல் நகர்ந்து போகும். இது நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே இடத்தில் இன்னொரு தடவை. ஜன்னல் கதவில் விரலோ ஏதோ உரசியது. டார்ச்சை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். டிரம்மின் மேல் அம்மிக் குழவியை வைக்க வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் எழுந்தால் கொலுசு கேட்கும்.

பூனையாக இருக்கும். பூனைகளும் இருமும் என்று பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 23, வியாழன்

அப்பாவிடம் சொல்லவில்லை. "கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று கேட்டார். தூசி என்றேன். டிரம் இழுத்த இடத்தில் தரையில் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. அதன்மேல் பாயை விரித்துவிட்டேன். கொலுசையும் கழற்றிவிட்டேன்.

மே 3, ஞாயிறு

கடையில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா தம்பியை எடுப்பதாக முடிவு செய்திருந்தார். தெருவில் நின்று கேட்டதில் இரண்டும் ஒன்றே என்றும், தம்பி சீக்கிரம் பேசுகிறான் என்றும் சொன்னார். நான் போன ஞாயிறு கடைக்குப் போனபோதே குறை சொல்ல ஆரம்பித்திருந்தேன். அண்ணன் உறுமுகிறது என்றேன், தம்பிக்குத் துணி கிழிந்திருக்கிறது என்றேன். அண்ணாச்சி, "ஒன் மகளுக்கு மாப்பிள்ள பாக்கும்போது என்னைக் கூப்பிடாத ஓய்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூட.

தம்பிக்கு ஒரு பக்கம் குமிழ் இல்லை, வெறும் இரும்புத் தண்டுதான் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா சத்தத்தைக் கூட்ட அதைப் பிடித்தார். பிடித்த கை தெறித்து, பின்னால் இருந்த கட்டில் சட்டத்தில் முழங்கை இடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவே இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அம்மா இறந்தபோது அவளுக்கும் இப்படித்தான் வாய் திறந்திருந்தது.

"பிளக்கத் திருப்பிச் சொருகிட்டான் எங்க கடப் பய!" என்று அண்ணாச்சி பதறினார். தம்பிக்கு டிரான்ஸ்பார்மர் இல்லாததால் பிளக்கை ஒரு மாதிரி சொருகினால் இரும்பு முழுக்கக் கரண்டு ஏறுமாம். திருப்பிச் சொருகினால் ஒன்றும் செய்யாதாம். "இப்பம் தொட்டுப் பாரும், பசு மாதிரி நிக்கும்."

அப்பா எழுந்து, கையை உதறிக்கொண்டு, என்னைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார்.

"இது ஆகாது."

"குமிழு வேற போட்டுத் தாரேன் ஓய். நீரு ஜாக்கிரதையான ஆளுதான?"

"நான் ஜாக்கிரதைதான்" என்றார் அப்பா. "இது ஆகாது."

அவர் மட்டும் இருக்கப்போகிற வீட்டுக்கு ஏன் ஆகாது என்று எனக்குப் புரியவில்லை. பயந்துவிட்டார் போலிருக்கிறது. தம்பி போய்விட்டான், இனி அண்ணன் மட்டும்தான். சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. சாப்பிடும்போது அப்பாவின் வலது கை தட்டில் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

மே 10, ஞாயிறு

அண்ணன் உறுமுகிறது என்று நான் சொன்னது உண்மைதான். உள்ளே கண்டன்சர் என்று ஒன்றை மாற்ற வேண்டுமாம். இரண்டு வாரம் கிடைத்தது.

அண்ணாச்சி முதுகு அட்டையைக் கழற்றி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காலைத் துணியால் துடைத்துத் திரும்பச் சொருகினார். கண்ணாடிக் குப்பிக்குள் சின்னச் சின்ன வீடுகள் மாதிரி இருக்கின்றன. ஓரத்தில் இருந்த ஒன்றைக் காட்டி, "இந்த ஒண்ணு இல்லேன்னா லைட்டு எரியும், கண்ணு முழிக்கும், வாய் மட்டும் தொறக்காது. ஒங்கப்பா மாதிரி" என்றார்.

நான் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மே 18, திங்கள்

அத்தை பக்கத்துத் தெரு போன் பூத்துக்குப் பேசினாளாம். ஞாயிறு மதியம் வருகிறாள். "பெட்டிய எடுத்து வைக்கச் சொல்லு" என்றாளாம். அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மே 23, சனி

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தது. அப்பா சைக்கிள் கேரியரில் தலையணை வைத்துக் கட்டி, ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். மாடியில் ஏரியல் கம்பி இழுத்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்த சுவரோரம் ஸ்டூல் போட்டு வைத்தார். அங்கே ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இருட்டியதும் போட்டார். உறுமல் போய்விட்டது. இந்திக்காரர் வந்தார். தடித்த குரல், நிதானமான பேச்சு. அப்பா என்னிடம், "நீ தெருவுல போய் நின்னு கேளு" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு போய் நின்றேன். எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாத ஒருவர், காலை நீட்டி உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேசுகிற மாதிரி. ஜன்னல் இடுக்கில் வெளிச்சம். நான் இருட்டில். நாளை மறுநாளிலிருந்து இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வீடு வீடாகவே இருக்கும், நான் மட்டும் வெளியே.

"எப்பிடி இருக்கு?" என்றார் அப்பா.

"ஆளு இருக்கிற மாதிரி இருக்கு."

அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு, ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்து, ஆறவிட்டு, முதுகு அட்டையைக் கழற்றினேன். ஓரத்து வால்வை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். பழைய பாவாடைத் துண்டில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். அட்டையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

டிரம், குழவி, எல்லாம் வைத்தாகிவிட்டது.

மே 24, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். டார்ச் பேட்டரி போதுமோ தெரியவில்லை.

அத்தை மதியம் வந்தாள். மீன் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, காபி குடித்துவிட்டு, "பெட்டி எங்கட்டி?" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அவ வரலக்கா" என்றார் அப்பா.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். நான் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றேன்.

"என்ன சொல்லுத?"

"ரேடியோ வாங்கியிருக்கேன்."

"நான் பிள்ளயப் பத்திப் பேசுதேன். நீ ரேடியோவப் பத்திப் பேசுத."

"பிள்ளைக்குத்தான் வாங்கியிருக்கேன்."

பிறகு அப்பா பேசினார். நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். பிள்ளை ராத்திரி பயப்படுகிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள், தரையில் டிரம் இழுத்த கோடு இருக்கிறது, கொலுசைக் கழற்றிப் போட்டிருக்கிறாள். செருப்பு வைத்துப் பார்த்தேன், சட்டை தொங்கவிட்டுப் பார்த்தேன். செருப்பு பேசாதே அக்கா. சின்ன ரேடியோ என்றால் தெருவிலிருந்தே ரேடியோ என்று தெரிந்துவிடும். இது பெரிய ஸ்பீக்கர். உள்ளே ஆம்பிளை இருக்கிற மாதிரி கேட்கும். ஆறு வாரமாக இதைத்தான் தேடினேன். தொட்டால் ஷாக் அடிக்காதது. விடிய விடிய ஓடினாலும் சூடேறாதது. லைட்டை அணைத்தாலும் கொஞ்சம் வெளிச்சம் தருவது. அவள் இங்கேயே படிக்கட்டும். அவளும் போய்விட்டால் நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது?

வால்வு என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

"துக்க வருஷத்துல பாட்டா?" என்றாள் அத்தை, வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"பாட்டில்லக்கா. பேச்சுதான். இந்தி."

"போடு, பாப்பம்."

அப்பா போட்டார். லைட் எரிந்தது. "சூடாகணும்" என்றார். பச்சைக் கண் மெதுவாக விழித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா குமிழைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். சின்னச் சத்தம்கூட வரவில்லை.

"நேத்து பேசிச்சு" என்றார். "பிள்ளயே கேட்டா. கேளுக்கா அவகிட்ட." அவர் குரல் அத்தையிடம் அடி வாங்குகிற சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. ரேடியோவின் பெட்டியைக் கையால் தடவினார்.

அத்தை அவரைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சரி விடு தம்பி" என்றாள், ரொம்ப மெதுவாக. "பெட்டிய எடு."

நான் போய் ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவந்தேன். ரேடியோவை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், அட்டையைக் கழற்றினேன். வால்வின் கால்களை ஓட்டைகளில் வைக்க முடியவில்லை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அழுத்தினோம். உட்கார்ந்தது.

அப்பா என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "சூடா இருக்கும்போது கழட்டலியே?"

"இல்லப்பா. ஆறின பெறவுதான்."

"ம்" என்றார்.

அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடே நடக்கு இங்க?"

ரேடியோவைப் போட்டோம். இந்திக்காரர் வந்துவிட்டார். அப்பா அத்தையைத் தெருவுக்கு அழைத்துப் போனார். நான் கதவைச் சாத்தினேன். இடுக்கு வழியாகப் பார்த்தேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, மாங்காய் வாங்குகிற மாதிரி கேட்டாள்.

உள்ளே வந்து தலையை ஆட்டினாள். "ஆம்பிளச் சத்தந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா தம்பி, ஒருத்தனே மூச்சு விடாம பேசிக்கிட்டிருந்தா அது வீடா, பொதுக்கூட்டமா? பதில் சொல்ல ஒரு சத்தம் வேண்டாமா? ரெண்டு நாள் கேட்டா எந்தக் களவாணிக்கும் வெளங்கிரும்."

அப்பா எடைபோட்டுப் பார்த்ததில் இது ஒன்று விட்டுப்போயிருந்தது.

"அத்தை, நீங்க இன்னொரு தடவ போய் நில்லுங்க" என்றேன். "அப்பா, நீங்களும்."

கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் ஏதோ சொல்லி நிறுத்தினார். "ஆமா" என்றேன். மறுபடி நிறுத்தினார். "சாப்பிட்டாச்சு. மீன் குழம்பு" என்றேன். "பரீட்சை நல்லாத்தான் எழுதியிருக்கேன். கணக்குல மட்டும் சந்தேகம்" என்றேன். வெளியே அத்தை சிரித்தது கேட்டது. அவர் நிதானமாகப் பேசிக்கொண்டே போனார். எதைச் சொன்னாலும் அவர் திட்டவில்லை, குறுக்கே பேசவில்லை, எங்கேயும் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரிடம் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

கதவு தட்டப்பட்டதும் எழுந்து திறந்தேன். அத்தை மட்டும் நின்றாள். சிரிப்பு போயிருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, "எந்த ஜன்னல்ல இருமினான்?" என்றாள்.

காட்டினேன்.

அத்தை அந்த ஜன்னலின் கொக்கியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்துப் பார்த்தாள். "எங்கிட்ட பயமில்லன்னுதான சொன்ன" என்றாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அத்தை சேலையில் பஸ் வாசனை அடித்தது. அப்பா வர ரொம்ப நேரம் ஆயிற்று. தெருக்குழாயில் முகம் கழுவினேன் என்றார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் இல்லை அது.

மே 25, திங்கள்

அத்தை காலை பஸ்ஸுக்குத் தனியாகப் போனாள். போகும்போது அப்பாவிடம், "அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஜன்னலுக்குக் கம்பி வை. மொதலாளிகிட்ட போய் ராத்திரி ஷிப்ட கொறைக்கச் சொல்லிக் கேளு. நேத்து எங்கிட்ட பேசினல்லா, அந்த வாயாலயே கேளு" என்றாள்.

பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மே 30, சனி

ஜன்னலுக்குக் கம்பி வைத்தாகிவிட்டது. அப்பா முதலாளியிடம் கேட்டுவிட்டார். "என்ன சொன்னார்?" என்றேன். "பாப்போம்னாரு" என்றார். ஜூலையில்தான் தெரியும்.

ஜூன் 3, புதன்

ராத்திரி ஷிப்ட் வாரம். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள்.

காலையில் குழாயடியில் ரெஜினா அக்கா கேட்டாள். "ஒங்க வீட்டுக்கு யாருட்டி வந்திருக்கா? ரெண்டு நாளா விடிய விடியப் பேச்சுச் சத்தம்."

"பெரியப்பா" என்றேன். "டெல்லியிலேருந்து."

"எப்பம் தூங்குவாரு?"

"அவருக்கு ஷிப்ட் வேல. பகல்ல தூங்குவாரு."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுத? கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு தரட்டுமா?"

வேண்டாம் என்றேன். கொடுத்துவிட்டாள். அப்பாவும் நானும் சாப்பிட்டோம். அப்பா தன் பங்கில் கொஞ்சம் மிச்சம் வைத்து, "பெரியப்பாவுக்கு" என்றார்.

இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடி வெளிச்சத்திலேயே எழுதுகிறேன். டிரம் கதவோரம்தான் இருக்கிறது. பயம் போகவில்லை. முதல் தடவையாக எழுதுகிறேன், பயமாகத்தான் இருக்கிறது. அப்பா சைக்கிள் மணி கேட்க இன்னும் நெடுநேரம் இருக்கிறது.

இந்திக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவர் எங்கே எங்கே மூச்சு விடுவார் என்று பழகிவிட்டது. அந்த இடங்களில் நான் பேசுகிறேன்.